பழைய மோட்டார் ஹோமின் பிரேக்கை மேம்படுத்துவது எப்படி

பழைய மோட்டார் ஹோம் வாங்குபவர்கள் பலரும் முதலில் கட்டிலையும் சமையல் மேடையையும் புதுப்பித்துவிட்டு, பிரேக்கைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். புதிய உதிரிபாகம் எதையும் வாங்குவதற்கு முன், தொட்டி நிறையத் தண்ணீர், எரிவாயு உருளை, பயணச் சாமான்கள் அனைத்துடனும் வண்டியை எடைமேடையில் ஏற்றி, முன் அச்சின் எடையையும் பின் அச்சின் எடையையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. தயாரிப்பாளர் அனுமதித்த எடையை ஏதேனும் ஓர் அச்சு தாண்டியிருந்தால், எந்த பிரேக்கும் அதற்குத் தீர்வாகாது. சுமையைத்தான் குறைக்க வேண்டும். வேகத்தின் பங்கு எடையைவிடவும் பெரியது: மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடும் வண்டி 70 கிலோமீட்டரில் ஓடினால், பிரேக் வெப்பமாக மாற்றி வெளியேற்ற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது.

அடுத்து, இருக்கும் பிரேக்கை அதன் பழைய தரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிய டாட் 3 (டாட் என்பது ஆயிலின் தரவகை) ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கோ அந்த வரம்பு 140 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டானால், பெடல் காலுக்கடியில் அப்படியே தரைவரை இறங்கிவிடும். டாட் 4 இன்னும் அதிக வெப்பம் தாங்கும், டாட் 3 உடன் கலந்தாலும் கெடுதலில்லை. ஆனால் சிலிக்கானால் ஆன டாட் 5 ஆயிலை இவற்றோடு கலக்கவே கூடாது.

ரப்பர் ஹோஸ்களை, வெளியே பளபளப்பாக இருந்தாலும், சந்தேகமின்றி மாற்றிவிடுங்கள். என் வண்டியில் ஒரு முன்சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தது. ஆயில் அழுத்தத்தால் சக்கர பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டரை இரண்டு முறை மாற்றியும் பயனில்லை. கடைசியில் ஹோஸைக் கழற்றிக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது, உள்சுவர் உப்பி, குண்டூசி நுழையும் அளவுக்கே துளை மிஞ்சியிருந்தது. பெடலை மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் உள்ளே சென்றது. காலை எடுத்தபின் திரும்பிவர வழியில்லை. பிரேக்கின் உராயும் பூச்சான பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், சக்கரத்தோடு சுழலும் கிண்ணமான டிரம்மைத் திறக்கும்போது தூசியை ஊதாமல், தகுந்த முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இதற்குப் பிறகும் பிரேக் போதவில்லை என்றால், முன்சக்கரங்களுக்கு டிரம்முக்குப் பதிலாக டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) பொருத்துவதே முதல் மேம்பாடு. டிரம் சூடேறினால் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவைவிட்டு விலகுகிறது. டிஸ்க்கோ தடித்து, அதை இருபுறமும் பிடிக்கும் பேடை நோக்கி வருகிறது, காற்றோட்டமும் அதற்கு அதிகம். அதே வண்டியின் பிந்தைய மாடலில் தொழிற்சாலையே டிஸ்க் வைத்திருந்தால் அந்தப் பாகங்களைத் தேடுவதே நல்லது. ஃபோக்ஸ்வேகன் டி2 வேனுக்கு 1971 மாடலில் முன் டிஸ்க் வந்தது. ஆனால் கூடவே வீல் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டமும் 205 மில்லிமீட்டரிலிருந்து 112 மில்லிமீட்டராக மாறியதால், ரிம்களையும் மாற்ற வேண்டியிருக்கும். பேடுகளைத் தாங்கி அழுத்தும் காலிப்பரின் அளவுக்கு அட்டை வெட்டி, ரிம்மினுள் உராயாமல் சுற்றுகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். புதிய ரிம்மும் டயரும் அச்சின் எடையைத் தாங்க வல்லவையா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

பெரும்பாலானோர் தவறுவது பெடல் பக்கத்தில். டிரம்மின் சுழற்சியே முன் ஷூவை இழுத்து இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை, முழு அழுத்தமும் காலிலிருந்தும், வெற்றிடத்தின் உதவியால் அதன் விசையைப் பெருக்கும் பூஸ்டரிலிருந்தும்தான் வர வேண்டும். ஆகவே பூஸ்டர் இல்லாத வண்டியில் டிஸ்க் மட்டும் பொருத்தினால், முன்பைவிடப் பலமாக மிதிக்க வேண்டிவரும். டீசல் எஞ்சினாக இருந்தால் பூஸ்டருக்குத் தனி வேக்குவம் பம்ப் தேவை. காலிப்பருக்கு அதிக ஆயில் வேண்டும் என்று பெரிய மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் பாகம்) வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: உள்விட்டம் 19 மில்லிமீட்டரிலிருந்து 22 ஆனால் பெடல் குறைவாக இறங்கும், ஆனால் அதே அழுத்தத்துக்குக் கால் விசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் இருந்தால், முன்னும் பின்னும் தனித்தனியாக இயங்கும் இரட்டைச் சுற்றுக்கு மாறும் வாய்ப்பு இதுதான். ஒரே கசிவில் நான்கு சக்கரமும் பிரேக் இழப்பதை அது தடுக்கும். டிரம்முக்கான பழைய சிலிண்டரினுள் சுமார் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருக்கலாம். டிஸ்க் பக்கத்தில் அது இருந்தால் பேடுகள் ஓயாமல் உரசும். மாஸ்டர் சிலிண்டர் தரைக்கடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் மட்டும் 2 பிஎஸ்ஐ வால்வு தேவை.

பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு முந்திச் சுழலாமல் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். அதனால் பின்பக்க அழுத்தத்தைக் குறைத்துத் தரும் வால்வைப் பொருத்தி, மிகக் குறைந்த அளவில் தொடங்கி, முன்சக்கரம் எப்போதும் முதலில் பூட்டும்படி அமையுங்கள். ஆளில்லாத மூடிய மைதானத்தில், சுமையுடன் ஒரு முறையும் தொட்டிகள் காலியாக ஒரு முறையும் சோதிப்பது அவசியம். பின்பக்கமும் டிஸ்க் வைக்க விரும்பினால், ஹேண்ட் பிரேக் வசதியுள்ள காலிப்பரையே வாங்குங்கள்.

துருப்பிடித்த பைப்புகளுக்குப் பதிலாகத் தாமிர நிக்கல் கலவைப் பைப்புகளை, முனைகளை இரட்டை மடிப்பாக மடித்துப் பொருத்துங்கள். தயாரிப்பாளர் வேறு வரிசை சொல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்கி, ஆயிலில் சிக்கிய காற்றை (ஏர்) எடுத்து வாருங்கள். வண்டியின் அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். பல நாடுகளில் இத்தகைய மாற்றத்துக்கு ஆய்வும் பதிவும் கட்டாயம் என்பதால், சாலையில் இறக்கும் முன் அதை முடித்துவிட வேண்டும்.

புதிய பேடுகளைப் பதப்படுத்த, மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 10 வரை முழுதாக நிறுத்தாமல் பத்து முறை மெல்லக் குறைத்து, பின்னர் பிரேக் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை மீண்டும் முறுக்கி, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்து ஈரம் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.