விண்டோஸ் 98 கணினியில் இன்றைய இணையம்: கேபிள் முதல் பிரவுசர் வரை

பரணில் கிடக்கும் பென்டியம் 2 அல்லது 3 கணினியை இறக்கித் தூசி தட்டி, வீட்டு ஃபைபர் இணைப்பில் மாட்ட முடியுமா? தாராளமாக முடியும். கார்டு செருகி, கேபிள் மாட்டி, ஐபி முகவரி வாங்குவது ஒரு மணி நேர வேலை. பிரவுசரைத் திறந்து ஒரு தளத்தைப் பார்க்கப் போகும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கும். பலர் அந்த இடத்தில் கார்டு சரியில்லை என்று நினைத்து எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் போடுகிறார்கள். பழுது அங்கே இருக்காது.

இங்கே சொல்வது விண்டோஸ் 98 செகண்ட் எடிஷனுக்கு. மை கம்ப்யூட்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் போனால் 4.10.2222 ஏ என்று இருக்கும். 4.10.1998 என்றிருந்தால் முதல் பதிப்பு. வேலை ஏறக்குறைய இதேதான்.

என்னென்ன வேண்டும்

பிசிஐ நெட்வொர்க் கார்டு ஒன்று. சிப்பின் மேல் ஆர்டிஎல்8139 என்று அச்சடித்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டிரைவர் எளிதில் கிடைக்கும். அதன் 100 எம்பிபிஎஸ் வேகம் இந்தக் கணினிக்கு ஏராளம். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் பழைய பாகம் விற்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். இன்று புதிதாக வரும் கார்டுகள் பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ். அவை இந்த ஸ்லாட்டில் உட்காராது. கூடவே கேட்5இ கேபிள், சிஆர்2032 பேட்டரி, விண்டோஸ் 98 சிடி, டிரைவரைக் கொண்டுவர ஒரு காலி சிடி. கடைசியாக, குரோம் ஓடுகிற புதுக் கணினி ஒன்று. அது எதற்கு என்பது பின்னால் வரும்.

வைஃபை டாங்கிளுக்குச் செலவு செய்ய வேண்டாம். இன்றைய ரவுட்டர்கள் கேட்கும் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு 2004-இல் வந்தது. விண்டோஸ் 98-க்கு அது தெரியாது. ரவுட்டர் வேறு அறையில் இருந்தால், கிளையன்ட் மோடு உள்ள சின்ன ரவுட்டர் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். அது வைஃபையை வாங்கி கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுத்துவிடும்.

படி 1: கரண்ட் கொடுக்கும் முன்

எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளைப் பெட்டியின் பின்பக்கம் சிவப்பு நிறத்தில் ஒரு நகர்த்தும் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 230 தெரிய வேண்டும். 115-இல் வைத்து நம் ஊர் கரண்ட்டைக் கொடுத்தால் வெடிச்சத்தத்தோடு கதை முடிந்துவிடும்.

கேபினெட்டைத் திறந்து தூசியை ஊதுங்கள். பிராசஸரைச் சுற்றி நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதோடு நிறுத்துங்கள்; மாற்றிய பிறகுதான் கரண்ட். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

பேட்டரியை மாற்றுங்கள், பிளஸ் பக்கம் மேலே. இத்தனை வருடம் கிடந்த பேட்டரி செத்திருக்கும். அது செத்தால் தேதி பின்னுக்குப் போய்விடும், பிரவுசர் எல்லாத் தளத்தின் சான்றிதழையும் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று தள்ளும். முதல் முறை ஆன் செய்ததும் டெலிட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரிசெய்து சேமித்துவிடுங்கள்.

படி 2: கார்டு

கணினியை அணைத்து, பவர் கார்டைச் சுவரிலிருந்தே கழற்றுங்கள். பட்டனை அணைத்தாலும் ஏடிஎக்ஸ் மதர்போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டுக் கார்டை எடுங்கள்.

வெள்ளை நிறத்தில் இருப்பவை பிசிஐ ஸ்லாட். கறுப்பாக, அதைவிட நீளமாக இருப்பது ஐஎஸ்ஏ. பழுப்பு நிறத்தில் சற்றுத் தள்ளி ஒன்றே ஒன்று இருந்தால் அது டிஸ்ப்ளே கார்டுக்கான ஏஜிபி. ஏஜிபிக்கு ஒட்டினாற்போல் உள்ள பிசிஐ ஸ்லாட்டை விட்டுவிட்டு அடுத்ததில் செருகுங்கள். அந்த முதல் ஸ்லாட் பல போர்டுகளில் டிஸ்ப்ளே கார்டோடு ஒரே ஐஆர்க்யூவை, அதாவது பிராசஸரை அழைக்கும் தடத்தை, பங்கு போடும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி வந்தால் முதலில் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் அதிலேயே சரியாகிவிடும்.

கார்டு உள்ளே போய்விட்டதா என்பதற்கு ஒரு அடையாளம்: தங்க நிறப் பற்கள் வெளியே தெரியக் கூடாது. ஒரு முனை மட்டும் தூக்கி நின்றால் இரண்டு கட்டை விரலாலும் சமமாக அழுத்தி, பிறகு ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

படி 3: டிரைவர்

ஆன் செய்வதற்கு முன்பே ஆர்டிஎல்8139-க்கான விண்டோஸ் 98 டிரைவரைப் புதுக் கணினியில் இறக்கி, ஜிப்பைப் பிரித்து, சிடியில் எழுதிவிடுங்கள். பென்டிரைவ் வேண்டாம். விண்டோஸ் 98 அதற்கே தனி டிரைவர் கேட்கும்.

இன்னொரு முன்வேலை, கார்டைச் செருகும் முன்பே செய்ய வேண்டியது. விண்டோஸ் சிடியில் வின்98 என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே சி டிரைவுக்குக் காப்பி செய்துவிடுங்கள். நெட்வொர்க்கில் எதைத் தொட்டாலும் விண்டோஸ் அந்த சிடியைக் கேட்கும். டிரைவர் சிடியும் விண்டோஸ் சிடியும் மாறி மாறிப் போட வேண்டியிருக்கும். காப்பி இருந்தால், கேட்கும்போது சி டிரைவில் உள்ள ஃபோல்டரைக் காட்டினால் போதும்.

கணினி எழுந்ததும் புது ஹார்ட்வேர் கிடைத்தது என்று விஸார்டு திறக்கும். தானாகத் தேடச் சொல்லாமல், இடத்தை நீங்களே சொல்லி, சிடியில் ஐஎன்எஃப் கோப்பு இருக்கும் ஃபோல்டரைக் காட்டுங்கள். இப்போதிருக்கும் கோப்பு புதியது, அதையே வைத்துக்கொள்ளவா என்று கேட்டால் யெஸ். ரீஸ்டார்ட்.

படி 4: முகவரி வாங்குதல்

கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் ஐகானைத் திறங்கள். பட்டியலில் டிசிபி/ஐபி என்று தொடங்கி, அம்புக்குறிக்குப் பின் உங்கள் ரியல்டெக் கார்டின் பெயர் வரும் வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட், புரோட்டோகால், மைக்ரோசாஃப்ட், டிசிபி/ஐபி. அதன் ப்ராப்பர்டீஸில் முகவரியைத் தானாகப் பெறு என்பதைத் தேர்ந்தெடுத்து, கேட்வே (வெளியே போகும் வாசல்), டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) எல்லாவற்றையும் காலியாக விடுங்கள். எல்லாம் ரவுட்டர் கொடுக்கும். ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இருந்தால் நீக்கிவிடுங்கள். பிரைமரி லாகானை விண்டோஸ் லாகான் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் நெட்வொர்க் பாஸ்வேர்டு கேட்டு வழிமறிக்கும்.

கேபிளை ரவுட்டரின் லேன் துளையில் மாட்டி மறுபடி ரீஸ்டார்ட். கார்டின் பின்னால் பச்சை விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால் மென்பொருளை நோண்டாதீர்கள். கேபிளையோ ரவுட்டர் துளையையோ மாற்றுங்கள்.

ஸ்டார்ட், ரன் போய் டபிள்யூ-ஐ-என்-ஐ-பி-சி-எஃப்-ஜி என்ற எட்டு எழுத்தைச் சேர்த்து அடியுங்கள். திறக்கும் சின்னப் பெட்டியில் பெரும்பாலும் பிபிபி அடாப்டர் என்று டயல்-அப் காலத்துப் பெயர் நிற்கும்; முகவரி பூஜ்யமாகக் காட்டும். பயந்துவிடாதீர்கள். கீழிறங்கும் பட்டியலில் ரியல்டெக்கைத் தேர்ந்தெடுங்கள். 192.168 என்று தொடங்கினால் வேலை முடிந்தது. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை, விண்டோஸ் தானே ஒரு முகவரியை உருவாக்கிக்கொண்டது என்று பொருள். ரிலீஸ், பிறகு ரினியூ அழுத்திப் பாருங்கள்.

டாஸ் திரையில் முதலில் ரவுட்டர் முகவரிக்கு, அடுத்து கூகுளின் 8.8.8.8-க்கு, கடைசியில் ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். மூன்றும் பதில் தந்தால் உங்கள் கணினி இணையத்தில் இருக்கிறது. முதல் இரண்டு ஓடி மூன்றாவது நின்றால் டிஎன்எஸ் கோளாறு.

படி 5: பிரவுசர் ஏன் அடம்பிடிக்கிறது

செகண்ட் எடிஷனோடு வருவது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5. முதலில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், கனெக்ஷன்ஸ் போய், ஒருபோதும் டயல் செய்யாதே என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் மோடமைத் தேடிக்கொண்டிருக்கும். பிறகு நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் மாதிரி பூட்டில்லாத வெறும் எச்டிடிபி தளம் ஒன்றைத் திறந்தால் பக்கம் வந்துவிடும். வேறு எந்தத் தளம் போட்டாலும் பக்கத்தைக் காட்ட முடியாது என்ற செய்திதான்.

காரணம் பூட்டு. இன்றைய தளங்கள் ஏறக்குறைய எல்லாம் எச்டிடிபிஎஸ், அதாவது போக்குவரத்தைப் பூட்டி அனுப்புபவை. அந்தப் பூட்டுக்கான டிஎல்எஸ் முறையில் குறைந்தது 1.2 கேட்கும். அது 2008-இல் வந்த தரம். 98-இல் போடக்கூடிய கடைசி எக்ஸ்ப்ளோரரான 6-க்கே டிஎல்எஸ் 1.0 வரைதான் தெரியும். தளம் ஒரு பாஷையில் பேச, பிரவுசர் வேறு பாஷையில் பதில் சொல்ல, பேச்சு ஆரம்பிக்கும் முன்பே இணைப்பு அறுந்துவிடுகிறது. கார்டை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

வழிகள் மூன்று. ரெட்ரோஸில்லா 2.2 என்ற பிரவுசர் விண்டோஸ் 98-லேயே டிஎல்எஸ் 1.2 பேசும். பூட்டு திறந்தாலும் உள்ளே இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டைப் புரிந்துகொள்ளாது. பாதிப் பக்கங்கள் சிதறிக் கிடக்கும். இரண்டாவது, புதுக் கணினியில் வெப்ஒன் என்ற ப்ராக்ஸியை (இடையில் நின்று பக்கத்தை வாங்கித் தரும் மென்பொருளை) ஓட்டுவது. அது எச்டிடிபிஎஸ்ஸில் பக்கத்தை வாங்கி, பூட்டைக் கழற்றி, எச்டிடிபியாகக் கொடுக்கும். எளிய தளங்களுக்குப் போதும்.

தமிழ்த் தளம் படிக்க இரண்டுமே உதவாது. விண்டோஸ் 98 வந்த காலத்தில் தமிழ்ப் பக்கங்கள் டிஸ்கி, டேப் என்று ஆளுக்கொரு எழுத்துக் குறியாக்க முறையில் ஓடின. யூனிகோடு தமிழுக்கான லதா எழுத்துரு விண்டோஸ் 2000-த்தோடுதான் வந்தது. அதனால் பக்கம் திறந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். நாங்கள் பரிந்துரைப்பது மூன்றாவது வழி.

படி 6: வெப் ரெண்டரிங் ப்ராக்ஸி

சுருக்கமாக டபிள்யூஆர்பி. இது புதுக் கணினியில் குரோமைத் திரைமறைவில் ஓட்டி, பக்கத்தைத் திறந்து, அதைப் படமாக எடுத்துப் பழைய கணினிக்கு அனுப்புகிறது. நீங்கள் படத்தின் மேல் கிளிக் செய்தால், கிளிக் செய்த இடத்தை வாங்கி குரோமில் அதே இடத்தில் அழுத்தி, அடுத்த படத்தை அனுப்பும். எழுத்துரு, டிஎல்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் குரோமின் கவலை. பழைய கணினிக்கு ஒரு படத்தைக் காட்டத் தெரிந்தால் போதும். தமிழும் பிசிறில்லாமல் வரும்.

புதுக் கணினியில், கிட்ஹப் தளத்திலிருந்து உங்கள் இயங்குதளத்துக்கான டபிள்யூஆர்பி கோப்பை இறக்கி ஓட்டுங்கள். ஃபயர்வால் கேட்டால் பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி. புதுக் கணினியின் முகவரி 192.168.1.20 என்றால், பழைய பிரவுசரில் எச்டிடிபி போட்டு 192.168.1.20:8080 என்று அடியுங்கள். முன்னால் எச்டிடிபி, பின்னால் 8080 இரண்டும் கட்டாயம். வெப்ஒன்னும் இயல்பாக 8080-ஐத்தான் பிடிக்கும். இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் ஒன்றுக்கு வேறு எண் கொடுங்கள்.

மேலே முகவரிப் பெட்டியும் அகலம், உயரமும் இருக்கும். 800x600 திரைக்கு அகலம் 760 வைத்தால் பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிராது. உயரத்தை 0 என்று வைத்தால் முழுப் பக்கமும் ஒரே நீளப் படமாக வரும். படிக்க வசதிதான், ஆனால் 64 எம்பி ராம் கணினி ஒரு நீண்ட செய்திப் பக்கத்தில் ஹார்ட் டிஸ்க்கைக் கரகரவென்று அரைக்க ஆரம்பிக்கும்; அங்கே 500 வைத்துத் துண்டு துண்டாகப் பாருங்கள். பட வகையில், திரை 256 நிறத்தில் இருந்தால் ஜிஃப். 16 பிட் நிறம் இருந்தால் ஜேபிஜி. ஜிஃப்புக்கு நிறங்களைக் குறைக்க வேண்டியிருப்பதால் தாமதமாகும்.

பாதுகாப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். விண்டோஸ் 98-க்கான ஆதரவு 2006 ஜூலையில் நின்றுவிட்டது. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும்வரை வெளியிலிருந்து நேரடியாக யாரும் தட்ட முடியாது; அதனால் வெளியிலிருந்து உள்ளே வழிவிடும் டிஎம்இசட், போர்ட் ஃபார்வர்டிங் எதையும் இதற்காகத் திறக்காதீர்கள். டபிள்யூஆர்பி வழியாக வங்கி, மின்னஞ்சல் எதிலும் நுழைய வேண்டாம். நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு வீட்டு நெட்வொர்க்கில் பூட்டில்லாமல் போகும். கெஸ்ட் நெட்வொர்க்கில் ஒதுக்கி வைப்பது நல்ல யோசனையாகத் தோன்றும், ஆனால் அங்கே போனால் பழைய கணினியால் டபிள்யூஆர்பி ஓடும் கணினியை எட்ட முடியாது.

நேற்று வரை ஓடியது இன்று திறக்கவில்லை என்றால், புதுக் கணினியின் முகவரி மாறியிருக்கும். ரவுட்டரில் முகவரி ஒதுக்கும் டிஎச்சிபி பக்கத்தில் அதற்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு, பழைய பிரவுசரில் அதையே ஹோம் பேஜாக வைத்துவிடுங்கள்.