அலுவலகக் கூட்டத்தில் உங்கள் யோசனை எடுபட: கிரேக்கரும் ரோமானியரும் கற்றுத்தந்த வழி, படிப்படியாக

பழங்காலப் பேச்சுக்கலை என்றதும் பலருக்கு மேடையும் அடுக்குமொழியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கிரேக்கத்தில் அது வளர்ந்த இடங்களில் முக்கியமானது நீதிமன்றம். ஏதென்ஸில் வழக்காடுபவர் காசு கொடுத்துப் பேச்சை எழுதி வாங்கிக்கொள்ளலாமே தவிர, நீர்க்கடிகாரத்தில் நீர் வடிந்து தீர்வதற்குள் நூற்றுக்கணக்கான நடுவர்களின் முன் நின்று பேச வேண்டியவர் அவரேதான். பத்து நிமிடத்தில் மேலாளரிடம் ஒரு யோசனையைச் சொல்லி முடிக்க வேண்டிய ஊழியரின் நிலையும் ஏறக்குறைய அதுதான் என்பதால், அந்த முறைகள் இன்றும் நமக்கு உதவுகின்றன.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தின் குடோனில் வேலை செய்கிறீர்கள். மாதக் கடைசி நாளில் லோடு ஏற்றுவதை நிறுத்திவிட்டு மொத்த ஸ்டாக்கையும் எண்ணுவது அங்கு வழக்கம். அதற்குப் பதிலாக வாரம் ஒரு பகுதியாக எண்ணலாம் என்பது உங்கள் யோசனை.

படி 1: கருத்து வேறுபாடு எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியமானது என்பது என் எண்ணம். புதியவர்கள் தவறவிடுவதும் இதைத்தான். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெர்மகோரஸ் என்னும் கிரேக்க ஆசிரியர், எந்த வழக்கும் நான்கு கேள்விகளில் ஒன்றில்தான் வந்து நிற்கும் என்று வகுத்தார். அது நடந்ததா? நடந்ததை என்னவென்று அழைப்பது? அது எவ்வளவு தூரம் சரி அல்லது தவறு? அதைத் தீர்மானிக்க வேண்டிய இடம் இதுதானா? கொலை வழக்கில் ஒருவர் "நான் கொல்லவே இல்லை" எனலாம். "என் கையால்தான் இறந்தார், ஆனால் அது கொலையாகாது, விபத்து" எனலாம். "கொன்றேன், அதற்கு நியாயம் இருந்தது" எனலாம். "இந்த மன்றத்துக்கு இதை விசாரிக்க அதிகாரம் இல்லை" என்றும் சொல்லலாம்.

குடோனுக்கு வருவோம். "எண்ணிய ஸ்டாக்குக்கும் கணக்குக்கும் வித்தியாசமே வருவதில்லையே" என்று மேலாளர் சொன்னால் அது முதல் கேள்வி. அதற்குப் பதில் பதிவேடு. "அது எண்ணுவதில் வரும் பிழை, சரக்குக் குறைவு அல்ல" என்றால் இரண்டாவது. "வருகிறது, ஆனால் தாங்கக்கூடிய அளவுதான்" என்றால் மூன்றாவது; அங்கே பதிவேட்டை எத்தனை முறை நீட்டினாலும் பயனில்லை, அந்த வித்தியாசத்தால் என்ன செலவாகிறது என்று காட்ட வேண்டும். "இது கணக்குப் பிரிவு முடிவு செய்ய வேண்டியது" என்றால் நான்காவது. முன்பு ஓர் அலுவலகத்தில் நான் புள்ளிவிவரங்களோடு கால் மணி நேரம் பேசி முடித்தபின், "எல்லாம் சரிதான், ஆனால் இதை நாம் முடிவு செய்ய முடியாதே" என்ற ஒரே வாக்கியம் என்னை உட்கார வைத்தது. நான் முதல் கேள்விக்குத் தயாராகிப் போயிருந்தேன். சிக்கல் நான்காவதில் இருந்தது.

ஆகவே பேச்சைத் தயாரிக்கும் முன், எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய மறுப்பை ஒரே வரியில் எழுதி, அது நான்கில் எந்தக் கேள்வி என்று குறித்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் கூட்டத்துக்கு முன்பே, டீ குடிக்கும் நேரத்தில், அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

படி 2: பேச்சை எதிர்காலத்துக்கு நகர்த்துங்கள்

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) பேச்சை மூன்றாகப் பிரித்தார். நீதிமன்றப் பேச்சு நடந்து முடிந்ததைப் பற்றியது. விழாப் பேச்சு பெரும்பாலும் நிகழ்காலத்தில் நின்று புகழும் அல்லது இகழும். மக்கள் மன்றப் பேச்சோ இனிச் செய்ய வேண்டியதில் எது நன்மை என்று ஆராயும். "போன மாதம் யார் தவறாக எண்ணினார்கள்" என்று தொடங்கினால் கூட்டம் நீதிமன்றமாகிவிடும், ஒவ்வொருவரும் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்குவார். அத்தகைய கேள்வி எழுந்தால் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு, "அடுத்த மாதம் என்ன செய்யலாம்" என்று திருப்பிவிடுங்கள்.

படி 3: உங்களை நம்புவதற்குக் காரணம் கொடுங்கள்

பேசுபவர் மீதான நம்பிக்கைக்கு ஈதோஸ் என்று பெயர். அது பழைய புகழிலிருந்து வருவதைவிடப் பேச்சிலிருந்தே பிறக்க வேண்டும் என்கிறார் அரிஸ்டாட்டில். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு இது நல்ல செய்தி. நடைமுறை அறிவு, நேர்மை, கேட்பவர் மீது நல்லெண்ணம் ஆகிய மூன்றும் தெரிய வேண்டும். "முதல் இரண்டு வாரம் வேலை சற்றுக் கூடும், அதை மறைக்க விரும்பவில்லை" என்ற வாக்கியத்தில் நேர்மை தெரிகிறது. "மாதக் கடைசியில் லாரி காத்திருப்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது" என்பதில் அவருடைய சுமையை நீங்கள் உணர்ந்திருப்பது தெரிகிறது.

படி 4: கேட்பவர் ஏற்கெனவே நம்புவதிலிருந்து தொடங்குங்கள்

என்திமீம் என்பது எல்லாக் கண்ணிகளையும் சொல்லாமல், கேட்பவரே ஒன்றை நிரப்பிக்கொள்ளும்படி விடும் வாதம். "வாரம் ஒருமுறை எண்ணினால் கடைசி நாளிலும் லோடு போகும்" என்று நிறுத்திவிடலாம். லோடு தாமதிக்கக் கூடாது என்பதை மேலாளருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் மனத்தில் பெரிதாக இருப்பது லோடு அல்ல, ஆடிட் என்றால், வாதத்தையும் அங்கிருந்து தொடங்குங்கள்.

படி 5: வரிசை

ஹோமரின் இலியட் என்னும் போர்க் காவியத்தில் நெஸ்டர் என்ற முதிய மன்னர் தேர்ப்படையை முன்னாலும் நல்ல காலாட்படையைப் பின்னாலும் நிறுத்தி, துணிவு குறைந்தவர்களை நடுவில் வைக்கிறார். ரோமானியப் பேச்சு ஆசிரியர் குவின்டிலியன் வாதங்களை அடுக்கும் ஒரு முறைக்கு இதனால்தான் ஹோமரின் பெயரைச் சூட்டுகிறார்: வலுவான காரணம் முதலில், அடுத்த வலுவானது கடைசியில், மெலிந்தவை நடுவில். என்னைக் கேட்டால், பத்து நிமிடப் பேச்சில் மெலிந்தவற்றை விட்டுவிடுவதே மேல்.

படி 6: சொல்லிப் பாருங்கள்

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் தடையின்றி வந்தால் போதும். பேச்சு தெளிவில்லாமல் இருந்த ஏதென்ஸ் பேச்சாளர் டெமோஸ்தனிஸ் வாயில் கூழாங்கற்களை வைத்துப் பழகினார் என்று அவரது வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க் சொல்கிறார். நமக்குக் கைப்பேசியில் ஒருமுறை பதிவு செய்து கேட்டுப் பார்ப்பதே போதுமானது.

கடைசி வாக்கியத்தில் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பது இருக்கட்டும்: "வரும் திங்கட்கிழமை முதல் நான்கு வாரம், முதல் ரேக்கில் மட்டும், நானே எண்ணிப் பார்க்க அனுமதி வேண்டும்." அதைச் சொன்னதும் பேச்சை நிறுத்திவிட்டு, மேலாளர் வாய் திறக்கும் வரை காத்திருங்கள்.