எல்லாமே ஒரே மென்பொருளில் ஓடுகிறதா? வீட்டிலும் கடையிலும் சரிபார்க்கும் முறை

2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி சிங்கப்பூரில் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் ஐபேடு, குரோம்புக் சாதனங்களில் இருந்த செயலிகளும் கோப்புகளும் தூரத்திலிருந்தே அழிக்கப்பட்டன. மாணவர்கள் தப்பாக எதையும் அழுத்தவில்லை, பெற்றோர் எதையும் மறக்கவில்லை. அந்தச் சாதனங்களை நிர்வகிக்கப் போட்டிருந்த மொபைல் கார்டியன் என்ற மென்பொருளை நடத்திய நிறுவனத்தின் பக்கம் யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்கள், அவ்வளவுதான். கல்வி அமைச்சு அந்த மென்பொருளை எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கியது. ஆனால் வேறு எங்கும் நகல் வைக்காத பிள்ளைகளுக்கு, பரீட்சை நெருங்குகிற நேரத்தில், குறிப்புகள் போனது போனதுதான்.

ஒரு அடுக்குமாடி புளோக்கில் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டைப் போட்டால், ஒரு சாவி திருட்டுப் போனதும் புளோக் முழுக்கத் திறந்துகொள்ளும். எல்லாரும் ஒரே மென்பொருளை நம்பியிருப்பதில் உள்ள ஆபத்தும் அப்படித்தான். ஆன்டிவைரஸ் போடுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் "நான் நம்பியிருக்கிற அந்த ஒன்று நாளைக்குப் படுத்துவிட்டால் என்ன செய்வேன்?" என்று கேட்கச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. வீட்டிலோ, சின்னக் கடையிலோ, டியூஷன் நிலையத்திலோ கணினி நிபுணர் யாரும் இல்லாமல் இதை நீங்களே எப்படிச் சரிபார்ப்பது என்று இங்கே சொல்கிறேன்.

படி 1: தாளில் எழுதுங்கள்

கணினியில் வேண்டாம், தாளில். கணினி வேலை செய்யாத நாளில்தான் இது தேவைப்படும். மேலிருந்து கீழாக இரண்டு கோடு இழுத்து மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் அன்றாடம் பயன்படுத்துவது: பணம் வாங்கும் கியூஆர், பில் போடும் கணினி, வாட்ஸ்அப், மாணவர் பட்டியல், குடும்பப் படங்கள், வீட்டு இணையம் என்று நினைவுக்கு வருவதெல்லாம். இரண்டாவது பத்தியில் அது எதன்மேல் ஓடுகிறது என்பது. மூன்றாவதில், அது இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்பது. மூன்றாவது பத்தி முதலில் காலியாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

படி 2: பெயருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். இரண்டு பெயர் இருப்பதால் இரண்டு வழி இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

பிரவுசரை எடுத்துக்கொள்ளுங்கள். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா நான்குமே குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டியவை. குரோமியத்தில் ஒரு ஓட்டை வந்தால் நான்கிலும் வரும். அடித்தளமே வேறாக வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ் இருக்கிறது, ஆப்பிள் கணினியில் சஃபாரி இருக்கிறது. அதற்காக ஃபயர்ஃபாக்ஸ் போட்டதும் எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்ற, படங்களைத் திறந்து காட்டும் ஒரு சின்ன நிரலில் ஓட்டை இருந்தது தெரியவந்தபோது, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் அவசர அவசரமாக அப்டேட் வெளியிட வேண்டியிருந்தது, ஏனென்றால் இரண்டும் உள்ளே அதே நிரலைத்தான் பயன்படுத்தின.

வங்கியிலும் இதே கதை. டிபிஎஸ் ஒன்று, பிஓஎஸ்பி ஒன்று என்று இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். இரண்டும் ஒரே வங்கி. அதைவிட முக்கியமானது 2023 அக்டோபர் 14ஆம் தேதி நடந்தது. டிபிஎஸ், சிட்டிபேங்க் என்ற, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வங்கிகளின் சேவையும் ஒரே நாளில் நின்றன. இரண்டும் எக்குவினிக்ஸ் நிறுவனத்தின் ஒரே தரவு மையத்தில், அதாவது சர்வர்களை வைக்கும் கட்டடத்தில், இடம் எடுத்திருந்தன, அங்கே குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்தும் வேலையில் தவறு நடந்து வெப்பம் ஏறிவிட்டது. மாற்று மையத்துக்குத் தாவ இரண்டு வங்கிகளும் முயன்றன, அதிலும் தொழில்நுட்பச் சிக்கல். ஏறத்தாழ 25 லட்சம் பணப் பரிவர்த்தனைகள் முடியாமல் போயின. தரவு மையம் எது என்று வாடிக்கையாளர் நாம் கண்டுபிடிக்க முடியாது, அது வங்கிகளும் நாணய ஆணையமும் பார்க்க வேண்டிய வேலை. ஆனால் ஒரே வங்கியின் இரண்டு பெயரை இரண்டு என்று எண்ணாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

தொலைபேசிக்கு வருவோம். கோமோ சிம் சிங்டெல் வலையமைப்பில் ஓடுகிறது, கீகா ஸ்டார்ஹப்பில். கணவர் சிங்டெல், மனைவி கோமோ என்றால் அந்த வீட்டில் இருப்பது ஒரே வலையமைப்பு. ஸ்டார்ஹப்பும் எம்1உம் 5ஜி வலையமைப்பைக் கூட்டாகத்தான் கட்டின. அதனால் வீட்டில் இரண்டு சிம் வாங்குகிறீர்கள் என்றால், ஒன்று சிங்டெல் பக்கமும் மற்றது இவர்கள் பக்கமுமாக இருப்பது நல்லது. வீட்டு இணையத்தில் நிறுவனத்தை மாற்றினாலும் சுவருக்குள் வருவது பெரும்பாலும் நெட்லிங்க்கின் ஃபைபர்தான், ஆகவே இரண்டு பிராட்பேண்ட் சந்தா கட்டுவது காசுக்குக் கேடு. கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டே போதும்.

படி 3: தூரத்திலிருந்து யாருக்குக் கை நீளும்?

ஒவ்வொரு சாதனத்திலும், உங்களைக் கேட்காமல் மாற்றவோ அழிக்கவோ யாருக்கு உரிமை இருக்கிறது என்று பாருங்கள். ஐபோன், ஐபேடு என்றால் செட்டிங்ஸுக்குள் ஜெனரல், அதற்குள் விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மெண்ட். விண்டோஸில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதற்குள் ஆக்சஸ் ஒர்க் ஆர் ஸ்கூல். பழைய அலுவலகத்தின் பெயர் அங்கே இன்னும் உட்கார்ந்திருந்தால் அவர்களிடம் கேட்டு நீக்குங்கள். பள்ளிச் சாதனம் என்றால் நீக்க முடியாது, நீக்கவும் கூடாது. ஆனால் பிள்ளையின் குறிப்புகள் அந்த ஒரு சாதனத்தோடு முடிந்துவிடக் கூடாது என்பதை மட்டும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? அன்று வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி மதியம் 12.09க்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது. 78 நிமிடத்தில் பின்வாங்கிவிட்டது. அதற்குள் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் இயங்க முடியாமல் நீலத்திரையில் நின்றன. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்களின் பயணிகள் கையால் எழுதி செக்-இன் செய்யப்பட்டார்கள், சில வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடங்களின் நுழைவுத் தடுப்புகளும் பாதிக்கப்பட்டன. அது தாக்குதல்கூட இல்லை, பாதுகாப்புக்காக வாங்கிய மென்பொருளே செய்த பிழை. புதுப் பதிப்பு வேண்டாம், ஒரு பதிப்பு பின்தங்கியே இருக்கிறோம் என்று கவனமாக அமைத்து வைத்திருந்த நிறுவனங்களுக்கும் அந்தக் கோப்பு போய்ச் சேர்ந்தது, ஏனென்றால் அந்த அமைப்பு இந்த வகைக் கோப்புக்குப் பொருந்தவில்லை. அதே நிறுவனத்தின் மென்பொருள் ஓடிய மேக், லினக்ஸ் கணினிகளுக்கு இந்தக் கோப்பால் ஒன்றும் ஆகவில்லை. வேறு இயங்குதளத்தில் ஒரு கணினி வைத்திருந்தவர்களுக்கு அன்று ஒரு கதவாவது திறந்திருந்தது.

படி 4: எல்லாவற்றையும் மாற்றாதீர்கள்

ஆரம்பத்தில் இருப்பவர்கள் வேகத்தில் எல்லாவற்றையும் வேறு வேறாக்க ஆசைப்படுவார்கள். வேண்டாம். ஐந்து கணினி, ஐந்து இயங்குதளம் என்று ஒரு சின்னக் கடையில் வைத்தால் ஒன்றுக்கும் ஒழுங்காக அப்டேட் போட ஆள் இருக்காது, ஓட்டைகள் அதிகமாகத்தான் செய்யும். ஒரே மாதிரி இருப்பதில் உண்மையான வசதி உண்டு, செலவு குறையும், சொல்லிக்கொடுப்பது எளிது. தாளைப் பார்த்து, ஒரு நாள் நின்றால் உண்மையிலேயே கஷ்டப்படுத்தும் இரண்டு மூன்றை மட்டும் வட்டம் போடுங்கள். என் கணக்கில் அவை பெரும்பாலும் பணம், கோப்புகள், தொடர்பு.

படி 5: வட்டம் போட்டதற்கு இரண்டாவது வழி

பணம்: இன்னொரு வங்கியில் ஒரு சின்னக் கணக்கு, அதில் ஒரு வாரச் செலவுக்கான தொகை. கடைக்காரர்கள் உடனடியாகப் பணம் வாங்கும் பேநவ் வசதிக்கு, யுஇஎன் என்ற நிறுவனப் பதிவு எண்ணோடு மூன்றெழுத்துப் பின்னொட்டு சேர்த்து இரண்டாவது வங்கிக் கணக்கையும் பதிவு செய்யலாம், வங்கியில் கேளுங்கள். அந்த இரண்டாவது கியூஆரை அச்சடித்து கல்லாவுக்குள் வையுங்கள். சில்லறை நோட்டும் கொஞ்சம் இருக்கட்டும், ரொக்கத்துக்கு அப்டேட் தேவையில்லை.

கோப்புகள்: கூகல் டிரைவிலோ ஒன்டிரைவிலோ இருக்கிறது என்பதை பேக்கப் என்று எண்ணிவிடாதீர்கள். அது ஒத்திசைவு. இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும், உங்கள் கணக்கு பூட்டப்பட்டால் அங்கே இருப்பதைத் திறக்க முடியாமல் போகலாம். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி வாரம் ஒருமுறை நகலெடுத்து, எடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியபடியே விட்டால், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும். அந்த நகலை எந்தக் கணினியிலும் திறக்கிற வடிவத்தில் வைப்பது முக்கியம். மாணவர் பட்டியல், கணக்கு வழக்கு எல்லாம் சிஎஸ்வி (எளிய அட்டவணைக் கோப்பு) அல்லது பிடிஎஃப் ஆக இருந்தால், பில் போடும் நிறுவனமே மூடிப்போனாலும் படிக்க முடியும். படங்களுக்கும் மின்னஞ்சலுக்கும் கூகல் டேக்அவுட் என்ற வசதி இருக்கிறது, எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கித் தரும். பள்ளிப் பிள்ளையின் குறிப்புகளுக்கும் இதே முறைதான், வீட்டுக் கணினியில் ஒரு பிடிஎஃப் நகல்.

தொடர்பு: முக்கியமான 20 எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் இல்லாத நாளில் பெற்றோர் குழுவுக்கு எப்படிச் செய்தி சொல்வது என்று டியூஷன் நடத்துபவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள், சாதாரண எஸ்எம்எஸ் போதும்.

படி 6: அப்டேட்டை வரிசையில் போடுங்கள்

இரண்டு மூன்று கணினி இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே இரவில் அப்டேட் ஓடவேண்டாம். முதலில் ஒன்றில் போடுங்கள், மற்றவற்றில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ஒரு வாரம் நிறுத்திவைக்கும் பொத்தானை அழுத்துங்கள். முதல் கணினி இரண்டு மூன்று நாள் ஒழுங்காக ஓடினால் மற்றவற்றுக்கும் விடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள், இதில் நான் கண்டிப்பு. வானாகிரை ரேன்சம்வேர் பரவியது 2017 மே 12இல். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் போடாமல் இருந்தவர்கள் மாட்டினார்கள். இங்கே தியோங் பாரு பிளாசா கடைத்தொகுதியின் தகவல் திரையிலேயே பணம் கேட்கும் அந்தச் சிவப்புக் கட்டம் தெரிந்தது.

படி 7: மீட்புச் சாவி

கிரவுட்ஸ்டிரைக் நாளில் பலரை அதிக நேரம் நிறுத்திவைத்தது நீலத்திரைக்குப் பிறகு வந்த இன்னொரு திரை. கணினியைச் சரிசெய்ய உள்ளே போகப் பார்த்தால், விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. அந்தச் சாவிகளைச் சேமித்து வைத்திருந்த சர்வரும் அதே விண்டோஸ், அதுவும் படுத்திருந்தது என்று ஆன இடங்கள் உண்டு.

புது விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் பிட்லாக்கர் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும், உங்களுக்குத் தெரியாமலே. இன்றே வேறொரு சாதனத்தில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் லேப்டாப்பின் பெயரைக் கண்டுபிடித்து, மீட்புச் சாவியை அச்சடியுங்கள். எண்கள் ஆறு ஆறாக எட்டுக் கட்டமாக இருக்கும். கையால் எழுதினால் ஒரு இலக்கம் மாறினாலும் பயன்படாது, அதனால் இன்னொருவரை வாசிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். கூகல் கணக்கின் மாற்றுக் குறியீடுகளையும், ஆப்பிள் கணக்கில் மீட்புச் சாவி அமைத்திருந்தால் அதையும் இதோடு ஒரே உறையில் போட்டு, கடவுச்சீட்டு வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

படி 8: ஒரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள்

கூட்டமில்லாத ஒரு மாலையில் வைஃபை ரவுட்டரை அணைத்து, பில் கணினியையும் மூடிவிட்டு, இரண்டாவது வழிகளை மட்டும் வைத்து வேலை பார்த்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, இரண்டாவது வங்கியின் ஓடிபி வீட்டில் இருக்கும் பழைய போனுக்குப் போகிறது, ஹார்ட் டிஸ்க்கின் கேபிள் காணோம் என்று வரிசையாக வெளிவரும். ஒவ்வொன்றையும் தாளின் மூன்றாவது பத்தியில் எழுதித் திருத்துங்கள். அடுத்த முறை புதிதாக ஒரு சாதனமோ செயலியோ வாங்கும்போது, கடையில் கார்டை நீட்டும் முன் அந்தத் தாளை எடுத்து, இது ஏற்கெனவே இருப்பதன் அதே அடித்தளத்தில் ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள்.