சியாட்டிகா வலிக்குக் கைரோபிராக்டிக் சிகிச்சை பெறும் முறை

இடுப்பிலிருந்து பிட்டம் வழியாகக் கால்வரை மின்னல்போல் இறங்கும் சியாட்டிகா வலிக்கு, கீழ்முதுகு எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதே பெரும்பாலும் காரணம் என்பதால், முதலில் மருத்துவரிடம் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள். சிறுநீர், மலக் கட்டுப்பாடு இழத்தல், தொடையிடுக்கு மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; அந்நிலையில், முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்திச் செய்யும் கைரோபிராக்டிக்குக்கு இடமில்லை.

முதல் நாளில் சிகிச்சையாளர் உங்களை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்திப் பார்ப்பார்; சுமார் 30 முதல் 70 பாகைக்குள் வலி காலில் இறங்கினால் நரம்பு வேர் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். எலும்பு மெலிவு, புற்றுநோய், கர்ப்பம், இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரை என எதையும் அவரிடம் மறைக்காதீர்கள். மூட்டைச் சட்டென அழுத்தும்போது எழும் ‘டக்’ என்ற ஒலி, மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியோடு தொடர்புடையதேயன்றி, விலகிய எலும்பு இடத்தில் அமர்ந்ததன் அடையாளமன்று (அந்த ஒலியைக் கேட்டாலே பாதி வலி போய்விட்டது என்பவர்களும் உண்டு). அச்சமாக இருந்தால் மென்மையான முறையைக் கேட்டுப் பெறலாம்.

வலி காலைவிட்டு இடுப்பை நோக்கிச் சுருங்குவது நல்ல அறிகுறி. மாறாகக் கீழே நீண்டால் சிகிச்சையை நிறுத்தச் சொல்லுங்கள். பலருக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி தானாகவே குறைந்துவிடுவதால், பல மாதச் சிகிச்சைக்கு முன்பணம் கட்டத் தேவையில்லை. வீட்டில் படுத்தே கிடக்காமல் இயன்ற அளவு நடங்கள்.