கோரிக்கைக் கடிதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பொருள்: தெருவிளக்குகள் தொடர்பாக" என்று தொடங்கி இரண்டு பக்கம் நீளும் கடிதத்தைக் கடைசி வரி வரை படித்த பிறகும், எழுதியவர் என்னதான் கேட்கிறார் என்பது பிடிபடாமல் போவதுண்டு. "தொடர்பாக" என்ற சொல் எதையும் கோருவதில்லை. "நூலகத்துக்கு எதிரே எரியாத 3 தெருவிளக்குகளை மாற்றித் தரக் கோருதல்" என்று எழுதினால், இடமும் எண்ணிக்கையும் செய்ய வேண்டிய வேலையும் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். விளக்கு, குப்பை, குடிநீர் என அனைத்தையும் ஒரே கடிதத்தில் அடுக்குவதும் தவறு. அவற்றில் எளிதான ஒன்றுக்குப் பதில் எழுதிவிட்டு அதிகாரி கோப்பை மூடிவிட அது வழிசெய்யும்.

கோரிக்கை தெளிவாக இருந்தும் வாதம் சறுக்கும் இடம் வேறு. ஒரு முடிவையும் அதற்கான சான்றையும் இணைக்கும் பாலம் ஒன்று உண்டு என்பதைத் தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் 1958இல் விளக்கினார். நம் கடிதங்களில் பெரும்பாலும் சொல்லாமல் விடுபடுவது அந்தப் பாலம்தான். "வேறொரு தெருவில் வேகத்தடை போட்டபின் விபத்துகள் ஆண்டுக்கு 9இலிருந்து 4ஆகக் குறைந்தன; ஆகவே எங்கள் தெருவிலும் போடுங்கள்" என்ற வாதத்தைப் பாருங்கள். விபத்து குறைந்ததற்கு வேகத்தடைதான் காரணம் என்ற பாலம் இதில் சொல்லப்படவே இல்லை. வழக்கத்துக்கு மாறாக விபத்துகள் மிகுந்த ஓர் ஆண்டைப் பார்த்துத்தான் அங்கே வேகத்தடை போட்டார்கள் என்றால், எதுவும் செய்யாமல் விட்டிருந்தாலும் அடுத்த ஆண்டில் எண்ணிக்கை ஓரளவு இறங்கியிருக்கலாம். முந்தைய ஐந்தாண்டுக் கணக்கையும், வேகத்தடை இல்லாத பக்கத்துத் தெருவின் கணக்கையும் சேர்த்துக் காட்டினால்தான் அந்த ஐயம் குறையும். சதவீதத்திலும் இதே கவனம் தேவை: 4 சதவீதம் 6 சதவீதமாவது 2 சதவீதப் புள்ளிகளின் உயர்வு, அதையே 50 சதவீத உயர்வு என்பதும் சரியே, ஆனால் அடிப்படை எண்ணைச் சொல்லாமல் அப்படி எழுதுவது மிரட்டலாகவே படும்.

மறுதரப்பு சொல்லாத ஒன்றை அவர்கள் வாயில் திணித்து மறுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும் சொற்களில் முதலில் எழுதிவிட்டால் போதும்.

சான்று வலுவாக இருந்தும் கடிதம் தோற்கக்கூடும். மருத்துவர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் 1847இல் வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேறு பிரிவில், பிணப் பரிசோதனையிலிருந்து வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு ஜூனில் ஏறத்தாழ 2 சதவீதமாக இறங்கியது. இதை விரிவான நூலாக வெளியிட அவர் 14 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். எதிர்ப்பு வந்தபோது, 1861, 1862 ஆண்டுகளில் எழுதிய பகிரங்கக் கடிதங்களில் தம்மை ஏற்காத பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் என்றே சாடினார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கைகழுவும்படி உத்தரவிடும் அதிகாரம் அந்தப் பேராசிரியர்களிடம்தான் இருந்தது. உத்தரவிட்டால் கொலைப்பழியையும் ஒப்புக்கொண்டதாகிவிடும் நிலையில் அக்கடிதங்கள் அவர்களை நிறுத்தின.