கிறிஸ்மஸ் லீவுக்குத் திருகோணமலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசெம்பர் 20 தாண்டினால் திருகோணமலை பஸ் நிலையத்தில் முதுகுப் பைகள் இறங்கத் தொடங்கிவிடும். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் பிள்ளைகள், சென்னையிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் நம்மவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. பையில் வெயிலுக்குப் பூசும் கிரீம் இருக்கும், மழைச்சட்டை இருக்காது. உப்புவெளிப் பக்கம் இப்படி வருகிறவர்களுக்கு அறை பார்த்துக் கொடுப்பதும் வழி காட்டுவதும் என் வேலை. எங்கள் தலைமுறை பட்டுத் தெளிந்த அதே பிழைகளை இவர்கள் வருடா வருடம் புதிதாகத் தொடங்குகிறார்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள், தொப்பி போடுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

தெற்குக் கரையின் பருவத்தை இங்கே எதிர்பார்ப்பது

இலங்கைக் கடற்கரைக்கு டிசெம்பர் நல்ல மாதம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சொன்னது பொய் இல்லை. ஆனால் அது ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கத்துக்குத்தான் பொருந்தும். தென்மேல் பருவக்காற்று வைகாசி முதல் புரட்டாதி வரை அந்தப் பக்கத்தை நனைக்கும்போது மலைநாட்டுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு வெயில் காலம். திமிங்கலம் பார்ப்பது, முருகைக்கல் (பவளப்பாறை) பார்ப்பது எல்லாம் அப்போதுதான். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கதை தலைகீழ். எங்கள் வருடத்து மழையில் பெரும்பங்கு அந்த நான்கு மாதத்தில்தான் கொட்டித் தீர்க்கிறது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் காலமும் இதுதான். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசெம்பர் புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்துதான் அங்கே போனது. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிப் புயல் எங்களுக்கு வடக்கே, குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியது.

வராதீர்கள் என்று சொல்லவில்லை. எனக்குத் திருகோணமலை மிகவும் பிடித்த மாதமே மார்கழிதான். கந்தளாய்க் குளம் நிறைந்து கிடக்கும், வயல்கள் பச்சையாக இருக்கும், விடியற்காலையில் கோயில்களில் திருவெம்பாவை கேட்கும், நத்தார் இரவில் தேவாலயங்கள் நிறைந்து வழியும். மழையும் நாள் முழுவதும் பெய்வதில்லை. இரண்டு நாள் அடித்து ஊற்றும், அப்புறம் மூன்று நாள் வெளிச்சமாக இருக்கும். நடக்க, சாப்பிட, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு இது அருமையான காலம். மணலில் படுத்து வெயில் காயத்தான் வேண்டும் என்றால் தெற்குக்குப் போங்கள், இங்கே ஆடி மாதம் வாருங்கள்.

படகுக்காரர் மறுத்த பிறகு காசைக் கூட்டுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் அடங்குவதில்லை. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். கரையில் நின்று பார்த்தால் நீந்தியே போய்விடலாம் போலத் தெரியும். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம். முருகைக்கல், அதற்கிடையே திரியும் கருந்துடுப்புச் சுறாக்கள், மலைப்புறாக்கள் என்று பார்க்க நிறைய உண்டு. வருகிறவர்கள் எல்லாரும் போனில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டே வருகிறார்கள். அந்தத் தெளிந்த தண்ணீர் ஆனி, ஆடிக்கு உரியது. மார்கழியில் வாடைக்காற்று கடலைக் கலக்கிவிடும், களப்புகளும் ஆறுகளும் மழைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். எப்படியோ தீவுக்குப் போய்ச் சேர்ந்தாலும் கண்ணாடியைப் போட்டுத் தலையை அமுக்கினால் தெரிவது கலங்கல்தான்.

ஆனால் காசைக் கட்டிவிட்டு வந்திருப்பார்கள். கொழும்பிலோ இணையத்திலோ யாரோ வருடம் முழுவதும் ஒரே பொதியை விற்கிறார்கள். விற்றவருக்குக் கடல் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. கடல் தெரிந்த ஒரே ஆள் படகுக்காரர். அவர் காலையில் கரைக்கு வந்து சும்மா நிற்பது போலத் தெரியும். உண்மையில் அவர் கணக்குப் பார்க்கிறார். அலை எவ்வளவு தூரத்தில் உடைகிறது, ஓர் அலைக்கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு ஓய்வு கிடைக்கிறது, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டுத்தான் “இண்டைக்கு ஏலாது தம்பி” என்கிறார்.

நடுக்கடலை விட அவர் அதிகம் பயப்படுவது கரையலைக்கு. நிலாவெளியில் இறங்குதுறை கிடையாது. திறந்த மணலிலிருந்து படகைத் தள்ளி அலைக்குள் ஏற்ற வேண்டும். ஏறும் நேரத்தில் இஞ்சின் ஒரு கணம் தடுமாறினால் படகு பக்கவாட்டில் திரும்பும். திரும்பிய படகுக்குள் அடுத்த அலை அப்படியே ஏறும். வரும்போது இன்னும் மோசம், அலை பின்னாலிருந்து தூக்கும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு அவர் சொன்ன பதிலை நம் பிள்ளைகள் பேரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். “இரண்டு மடங்கு தாறம் அண்ணை.” அதற்கும் அவர் தலையாட்டவில்லை என்றால் மூன்று மடங்கு.

அந்தக் காசு எந்த நேரத்தில் எந்தக் கையில் நீட்டப்படுகிறது என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாரி தொடங்கினால் இந்தத் திறந்த கரையில் கரைவலை நின்றுவிடும். வெளிக்கடலுக்குப் போகக்கூடிய நாட்கள் சொற்பம். சுற்றுலாவும் படுத்துவிடும். வீட்டில் நகை அடகில் இருக்கும், பள்ளிக்கூடம் ஜனவரியில் தொடங்கும். வயதானவர் மறுத்துவிடுவார். கரையோரமாக இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தால், கடனில் இஞ்சின் வாங்கிய ஓர் இளையவர் இருப்பார். யாராவது ஒருவர் எப்போதும் சம்மதிப்பார்.

அப்படி ஒரு நத்தார் லீவில் நான்கு பேர் போனார்கள். முதலில் கேட்ட ஐயா முடியாது என்றார். நானும் சொன்னேன். கேட்கவில்லை, தள்ளி நின்ற ஒரு பையனைப் பிடித்தார்கள். படகு இரண்டாவது அலையைத் தாண்டவில்லை. பக்கவாட்டில் திரும்பியது, ஒரு பக்கம் சரிந்து நிறைந்தது. ஆழம் குறைவு என்பதால் எல்லாரும் தவழ்ந்து கரைக்கு வந்துவிட்டார்கள். ஒருவருக்குத் தோள் கழன்றது, போன்கள் போயின. அவர்களுக்கு நட்டம் அவ்வளவுதான், மறுநாள் காலை கண்டி பஸ் ஏறிவிட்டார்கள். அந்தப் பையனின் இஞ்சினுக்குள் உப்புத் தண்ணீரும் மணலும் ஏறிவிட்டது. போகவில்லை என்பதால் பேசிய காசும் அவனுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த பருவம் முழுவதும் அவன் வேறொருவர் படகில் கூலிக்குப் போனான். காசைக் கூட்டிக் கேட்கிறவர் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை என்று நான் ஒவ்வொருவரிடமும் சொல்வது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? டிசெம்பருக்குப் புறாத்தீவுப் பயணத்தை முன்கூட்டிக் காசு கட்டி வாங்காதீர்கள். வந்த பிறகு ஒரு முறை கேளுங்கள். முடியாது என்றால் அதோடு விட்டுவிட்டு அவரோடு ஒரு பிளேன்டீ குடியுங்கள், ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு மூன்று நாள் காற்று அடங்கிக் கிடந்தால் அவரே ஒரு காலையில் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட்டால் உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே போட்டு, பட்டியை இறுக்கிக்கொண்டு ஏறுங்கள். அவர் சொல்கிற எண்ணிக்கைக்கு மேல் ஆளை ஏற்றாதீர்கள். திரும்புவோம் என்று அவர் சொன்னால் இன்னும் பத்து நிமிடம் என்று கெஞ்சாதீர்கள்.

வெயில் வந்துவிட்டது என்று கடலில் குதிப்பது

வானம் தெளிந்தால் கடலும் தெளிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வங்காள விரிகுடாவில் எங்கோ தூரத்தில் வீசும் காற்று எழுப்பிய அலை, இங்கே நல்ல வெயில் அடிக்கும் நாளிலும் வந்து சேரும். போனில் பார்க்கும் மழைக் குறியீடு இதைச் சொல்லாது. வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பிரதேசங்களுக்கென்று தனியாக எதிர்வுகூறல் வெளியிடுகிறது, காற்றின் வேகத்தையும் கடல் கொந்தளிப்பையும் அதில் பார்க்கலாம்.

ஆபத்தான இடம் பெரும்பாலும் அமைதியாகத்தான் தெரியும். அலைகள் மணல்திட்டில் உடைந்து கரைக்குத் தள்ளும் தண்ணீர் எங்காவது ஒரு வாய்க்கால் பிடித்துத் திரும்ப வேண்டும். அந்த வாய்க்காலில் அலை உடையாது, அதனால் குளிக்க வசதியான இடம் போல இருக்கும். இரண்டு பக்கமும் வெள்ளை நுரை இருக்க, நடுவில் கொஞ்சம் கருமையாக, சில நேரம் மணல் கலங்கி வெளிப்பக்கமாகப் போகும் பட்டை தெரிந்தால் அங்கே இறங்கவே வேண்டாம். இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். நல்ல நீச்சல்காரர்கள் போவது அப்படிக் களைத்துத்தான். மிதந்துகொண்டு கையை உயர்த்துங்கள், இழுவை தளர்ந்ததும் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து உள்ளே வாருங்கள். கூட்டாளியைக் காப்பாற்ற வெறுங்கையோடு குதிக்க வேண்டாம், மிதக்கிற எதையாவது வீசுங்கள்.

சாம்பல்தீவுப் பக்கம் களப்பு கடலோடு சேரும் இடத்தில் மாரித் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும். கணுக்கால் அளவு என்று கடக்கப் பார்க்காதீர்கள், பாலத்தால் சுற்றிப் போங்கள். குளித்தே ஆக வேண்டும் என்றால் குடாவுக்குள் ஒதுங்கி இருக்கும் மாபிள் பீச் திறந்த கரையை விடப் பரவாயில்லை. அங்கும் இடுப்பளவோடு நின்றுகொள்ளுங்கள்.

26ஆம் திகதி காலையில் கடற்கரையில் பாட்டு

நத்தாருக்கு மறுநாள் உங்களுக்கு லீவின் இன்னொரு நாள். எங்களுக்கு 2004 சுனாமி வந்த நாள். இந்தக் கரையில் ஆள் போகாத வீடு தேடினால்தான் கிடைக்கும். காலை 9.25 முதல் 9.27 வரை நாடு முழுவதும் இரண்டு நிமிட அஞ்சலி உண்டு. குடும்பங்கள் பூவோடும் மெழுகுதிரியோடும் மணலுக்கு வருவார்கள். அவர்கள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை அலறவிட்டுக் கிரிக்கெட் விளையாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரியாமல் செய்கிறார்கள், அதனால் சொல்கிறேன். அன்று மதியம் வரை கரையில் சத்தம் வேண்டாம். யாராவது தங்கள் ஆட்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உட்கார்ந்து கேளுங்கள். படம் எடுக்காதீர்கள்.

கன்னியாவில் நீச்சலுடை

அது நீச்சல் குளம் இல்லை. ஏழு சிறு வெந்நீர்க் கிணறுகள், வாளியால் அள்ளிக் குளிப்பது. இறந்தவர்களுக்கு அந்தியேட்டி செய்யச் சைவர்கள் வரும் இடம்.

கோட்டை மான்களுக்கு பிஸ்கட்

கொடுக்காதீர்கள். பொலித்தீனையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஈரத்துக்கு ஆயத்தம் இல்லாமல் வருவது

குளிராது. இரவிலும் வெக்கைதான். ஆனால் காற்றில் ஈரம் நிற்பதால் துவைத்த ஜீன்ஸ் இரண்டு நாளானாலும் காயாது. மெல்லிய உடுப்பு, ஒரு சாரம், பைக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கட்ட ஒரு தடித்த பொலித்தீன் உறை, பின்பட்டி உள்ள செருப்பு. சப்பாத்து வேண்டாம். வெள்ளம் நின்ற வயல்வரம்பில் காலில் காயத்தோடு வெறுங்காலால் நடக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் ஏறுகிறது.

காய்ச்சலுக்குக் கையில் கிடைத்த மாத்திரை

இது டெங்குக் காலம். காய்ச்சல், உடம்பு உளைவு என்றால் பனடோல் (பரசிட்டமோல்) மட்டும். அஸ்பிரின், இபுபுரூபன் வேண்டவே வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் விட்டுப்போன நாளில்தான் சிலருக்கு நிலைமை மோசமாகும். அதனால் குறைந்துவிட்டது என்று பையைத் தூக்காமல் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, காசு கேட்க மாட்டார்கள்.

இரவில் ஹபரணைப் பாதையில் மோட்டார் சைக்கிள்

யானை. பகலில் போங்கள்.

திரும்பும் நாளை இறுக்கிக் கட்டுவது

31ஆம் திகதி விமானம், 30 இரவு ரயில் என்று போட்டுக்கொண்டு வருகிறார்கள். டிசெம்பர் பள்ளிக்கூட லீவு என்பதால் கொழும்புக் கோட்டைக்குப் போகும் இரவு ரயிலில் படுக்கை இடங்கள் முன்னமே முடிந்துவிடும். அது கிடைத்தாலும் கல்லோயாப் பக்கம் தண்டவாளத்துக்கு மேல் தண்ணீர் ஏறினால் ரயில் இல்லை. மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் பாதை மகாவலி பெருகினால் முதலில் அடைபடும். கந்தளாய், ஹபரணைப் பாதையில் பிரச்சினை என்றால் ஹொரவப்பொத்தானை வழியாக அநுராதபுரம் போய் அங்கிருந்து கொழும்பு பஸ் பிடிக்கலாம், கூடுதல் நேரம் எடுக்கும். புறப்படும் நாள் காலையில் 117க்கு அழைத்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்கலாம். எப்படியும் விமானத்துக்கு முன் ஒரு முழு நாளைக் கொழும்பில் வைத்துக்கொள்ளுங்கள்.