ராக்கெட் ஏவும் நாளுக்கு வீட்டு டிவியைத் தயார் செய்வது எப்படி

நான் டிவி பழுதுபார்ப்பவன். 1984-இல் மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு ஜெலுத்தோங்கில் சொந்தப் பட்டறை வைத்து, இப்போது பட்டறையை மூடிவிட்டு, அழைத்த வீடுகளுக்குப் போய் வேலை செய்கிறேன். இத்தனை ஆண்டுகளில் என் மனத்தில் உறுதியாகிவிட்ட கருத்து ஒன்று உண்டு. ராக்கெட் ஏவுவதையும் நிலவில் இறங்குவதையும் கைப்பேசியில் பார்க்கக் கூடாது. கூடத்தில் இருக்கும் பெரிய திரையில், நடக்கும் நேரத்திலேயே, வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மறுநாள் வரும் 40 விநாடித் துண்டில் நெருப்பு மட்டும்தான் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர்கள் அதில் இருக்க மாட்டார்கள்.

டிவிக்கும் விண்வெளிக்கும் என்ன உறவு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் கூரையில் இருக்கும் டிஷ்ஷைக் காட்டுவேன். அது பார்க்கும் மீசாட் செயற்கைக்கோள்கள் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. பினாங்கிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலே, சற்றே தென்மேற்காக. அவற்றில் ஒன்றான மீசாட்-3டி, 2022 ஜூன் 22 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட்டில் போனது. அதே ராக்கெட்டில் உடன் போனது இந்தியாவின் ஜிசாட்-24. அதுவும் வீடுகளுக்கு டிவி கொண்டுவரும் செயற்கைக்கோள்தான். நம் வீட்டு நாடகமும் சென்னையில் இருக்கும் சித்தி வீட்டு நாடகமும் ஒரே வண்டியில் ஏறி மேலே போயின. அன்று அதிகாலை கோப்பி போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு டிவிக்காரனுக்கு அதைவிட நிறைவான காலைப்பொழுது அமையாது.

‘ஜூன் 22 என்று சொல்லிவிட்டு அதிகாலை என்கிறாரே’ என்று யோசித்தீர்களா? முதல் வேலை அதுதான், நேரத்தைச் சரியாகக் கணக்கிடுவது. கூரூவில் 22-ஆம் தேதி மாலை 6.50 என்றால், நமக்கு 23-ஆம் தேதி காலை 5.50. பலர் ஒரு நாள் தள்ளி எழுந்து ஏமாந்துபோகிறார்கள். கூரூ நேரத்தோடு 11 மணி நேரம் கூட்டுங்கள். இந்திய நேரத்தோடு இரண்டரை மணி நேரம். புளோரிடா நேரத்தோடு அவர்களுடைய கோடையில் 12, குளிர்காலத்தில் 13. உலகப் பொது நேரம் கொடுத்திருந்தால் 8. கணக்குப் போட்டு, நாளையும் கிழமையையும் சேர்த்து நாட்காட்டியில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது, எங்கே பார்ப்பது. இஸ்ரோவும் நாசாவும் தங்கள் நேரலையை யூடியூபில் இலவசமாகவே தருகின்றன. நாசா பிளஸ் சேவையும் இலவசம், விளம்பரமும் இல்லை. செய்திச் சானல்களில் பார்க்காதீர்கள் என்பேன். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் அமைதியான குரலில் அளவுகளைச் சொல்லிக்கொண்டிருப்பார். ஸ்டூடியோவில் நால்வர் அதன் மேல் பேசி அழித்துவிடுவார்கள். நம் ஊரில் மாலை மழை பிடித்தால் டிஷ் வழி வரும் படம் உறைந்துபோவதும் உண்டு. இணையவழி அதற்கு அஞ்சாது.

ஆனால் போலிகளிடம் கவனம் தேவை. அமெரிக்கத் தனியார் ராக்கெட் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸ் 2023-இல் தன் நேரலைகளை எக்ஸ் தளத்துக்கு மாற்றியது. அதன் பிறகு யூடியூபில் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு திருட்டுச் சானல்கள் முளைத்தன. பழைய ராக்கெட் படத்தை ஓடவிட்டு, ஓரத்தில் ஒரு கியூஆர் குறியீட்டை வைத்து, மின்னாணயம் அனுப்பினால் இரட்டிப்பாகத் திரும்பும் என்பார்கள். திரையில் எங்கேயாவது பணம் என்ற பேச்சு வந்தால் உடனே வெளியேறுங்கள். நாசாவின் விண்வெளி வீரர்கள் ஸ்பேஸ்எக்ஸ் கலத்தில் போகும்போது நாசாவின் சொந்தச் சானலிலேயே பார்க்கலாம்.

இனி என் தொழில். கடையில் டிவியை விற்பதற்காக ஒரு படமுறை வைத்திருப்பார்கள்: ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’. பளீரென்ற விளக்குகளுக்கு நடுவே பக்கத்து டிவியைத் தோற்கடிப்பதற்காக அமைத்தது அது. நான் போகும் பத்து வீடுகளில் ஏழெட்டில் அந்த முறையிலேயே டிவி ஓடுகிறது. அதில் ராக்கெட்டைப் பார்த்தால் சுடர் வெறும் வெள்ளைக் கறையாகத் தெரியும். உண்மையில் அந்தச் சுடருக்குள் ஆரஞ்சு இருக்கிறது, நீலம் இருக்கிறது, எரிபொருளுக்கு ஏற்ப நிறம் மாறுகிறது. படமுறையை ‘மூவி’, ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்பதற்கு மாற்றுங்கள். முதல் ஐந்து நிமிடம் படம் மங்கலாக, மஞ்சளாகத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள், கண் பழகிவிடும்.

அசைவை மென்மையாக்கும் வசதியை அடியோடு நிறுத்துங்கள். சாம்சங்கில் அதன் பெயர் ‘பிக்சர் கிளாரிட்டி’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’. வருகிற இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத ஒரு படத்தை டிவியே கற்பனை செய்து செருகுகிறது. புகையும் நெருப்பும் எந்த ஒழுங்கும் இல்லாமல் அசைபவை. அவற்றை அந்தக் கணிப்பால் பிடிக்க முடியாது. ராக்கெட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு கலங்கல் ஓடும். 2024 அக்டோபர் 13, ஞாயிறு இரவு 8.25-க்கு ஏவி ஏறத்தாழ ஏழு நிமிடம் கழித்து, டெக்சாசில் ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் கீழ்ப்பகுதி திரும்பி வந்து கோபுரத்தின் இரு கரங்களுக்கு நடுவே நின்றதே, அந்தக் காட்சியில் டிவி ஒரு படத்தைக்கூடத் தன் இஷ்டத்துக்குச் சேர்ப்பதை நான் விரும்பவில்லை. நடந்தது மட்டும் தெரிந்தால் போதும்.

‘நாய்ஸ் ரிடக்ஷன்’ என்பதையும் அணைத்துவிடுங்கள். சிறு புள்ளிகளை அது இரைச்சல் என்று நினைத்துத் துடைக்கும், விண்வெளியில் சிறு புள்ளிதானே முக்கியம். ‘ஷார்ப்னஸ்’ அளவை, எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு மறையும் வரை குறையுங்கள்.

பலர் தொடாத ஓர் அமைப்பு படத்தின் அளவு. சில டிவிகள் படத்தைச் சற்றே பெரிதாக்கி நாலு ஓரங்களையும் வெட்டிவிடும். குழாய் டிவிக் காலத்து வழக்கம் இன்னும் போகவில்லை. நேரலையில் வேகம், உயரம், கடிகாரம் எல்லாம் அடி ஓரத்தில்தான் வரும். வெட்டுப்பட்டால் பாதிக் கதை போய்விடும். எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்க்ரீன்’ என்று தேடுங்கள்.

ஒலியில் ஒன்றே ஒன்று. ‘வாய்ஸ்’ அல்லது ‘நியூஸ்’ முறையில் வைத்திருந்தால் அடிக்குரல் உறுமல் அடிபட்டுப்போகும். ‘மூவி’க்கு மாற்றுங்கள். தொலைவில் நிற்கும் கேமராவுக்கு ஒலி பிந்தித்தான் வரும். 5 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 விநாடி. ராக்கெட் சத்தமில்லாமல் எழுவதைப் பார்த்துப் பிள்ளைகள் ‘டிவி கெட்டுவிட்டதா?’ என்று கேட்டால், எண்ணச் சொல்லுங்கள்.

இதற்காகப் புது டிவி வாங்க வேண்டாம். 8கே டிவி அறவே வேண்டாம். நேரலைகள் பெரும்பாலும் 1080 கோடுகளில்தான் வருகின்றன. பத்தாண்டுப் பழைய ஃபுல் எச்டி டிவி தாராளமாகப் போதும். அதன் யூடியூப் செயலி வேலை செய்யாமல் போயிருந்தால், ஏறத்தாழ 200 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைச் செருகுங்கள். நல்ல திரையைச் செயலிக்காகத் தூக்கி எறிவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வயிறு எரிகிறது. இணையத்துக்கு முடிந்தால் ரவுட்டரிலிருந்து கம்பி இழுத்துவிடுங்கள்.

ஓர் இரவுக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் 23, சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நாள். இந்தியாவில் மாலை 6.04, எங்களுக்கு இரவு 8.34. எட்டு மணிக்கே கச்சாங் பூத்தே நொறுக்குத்தீனி, தேநீரோடு எல்லாரும் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். என் மாமியாரின் தகப்பனார் விழுப்புரம் பக்கத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்குக்கு வந்தவர். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று சொன்னதும் மாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். 8.14-க்கு வேகத்தைக் குறைக்கும் கட்டம் தொடங்கியது, 690 விநாடி. அவர் தண்ணீர் கேட்டபோது நான் நேரலையை நிறுத்திவைத்தேன். மறுபடி ஓடவிட்டபோது, ‘லைவ்’ பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன். எங்கள் திரையில் உயரம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்க, கீழ்மாடியில் கைதட்டல் கேட்டது. அந்த அரை நிமிடத்தை நான் என் குடும்பத்திடமிருந்து பறித்துவிட்டேன் என்று இன்றும் வருந்துகிறேன். நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நேரலை முனைக்குத் திரும்புங்கள். கைப்பேசிகளை எல்லாம் ஒரு தட்டில் போட்டு அடுத்த அறையில் வையுங்கள், செய்தி முந்திவிடும்.

என்ன பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட் எழும்போது பக்கவாட்டில் இருக்கும் இரண்டு திட எரிபொருள் உந்திகள் மட்டுமே எரிகின்றன. நடு எந்திரங்கள் ஏறத்தாழ 1 நிமிடம் 50 விநாடிக்குப் பிறகு ஆகாயத்தில்தான் பற்றவைக்கப்படுகின்றன. இது தெரிந்தால் அந்த விநாடிக்காக எல்லாரும் காத்திருப்பார்கள்.

ஏவுதல் தள்ளிப்போகும். 2022-இல் நாசாவின் நிலவுப் பயணமான ஆர்ட்டெமிஸ்-1 ஆகஸ்ட் 29 அன்றும் செப்டம்பர் 3 அன்றும் ஏவவிருந்த நாளிலேயே நின்றது. நவம்பர் 16 அன்று, நமக்குப் பிற்பகல் 2.47-க்குப் போனது. நின்ற நாள்களையும் பாருங்கள். ஹைட்ரஜன் கசிந்தது என்று ஏன் நிறுத்தினார்கள் என்பதைச் செப்டம்பர் 3 அன்று என் பேரன் கேட்டுத் தெரிந்துகொண்டான். போன நாளில் அவன் அப்படி எதுவும் கேட்கவில்லை.

தோற்கும்போதும் அணைக்காதீர்கள். 2019 செப்டம்பர் 7, நமக்கு அதிகாலை நாலரை. சந்திரயான்-2 இறங்கு கலத்தின் பாதையைக் காட்டிய புள்ளி, வரைந்து வைத்திருந்த கோட்டை விட்டு விலகியது. மண்டபத்தில் பேச்சு நின்றது. 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் சரியாக இருந்தது, அதன் பிறகு தொடர்பு அறுந்தது என்று அப்போதைய இஸ்ரோ தலைவர் சிவன் எழுந்து நின்று அறிவித்தார். அந்த முகத்தை நான் பார்த்திருந்தேன். நாலு ஆண்டு கழித்து வீரமுத்துவேலின் முகத்தைப் பார்த்தபோது, அதன் விலை எனக்குத் தெரிந்திருந்தது.

கடைசியாக ஒரு வேலை. டிவியின் மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது சில சமயம் இந்த அமைப்புகள் எல்லாம் பழையபடி மாறிவிடுகின்றன. ஆகவே நீங்கள் மாற்றியவற்றை ஓர் அட்டையில் எழுதி, டிவியின் பின்புறம் ஒட்டிவையுங்கள். ஏவுவதற்கு அரை மணி நேரம் முன்பே டிவியைப் போட்டு, அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.